மேலே ஒன்று

திருநீர்மலைப் பக்கமிருந்து வரும் மாலை வெயில் ஏழாம் வகுப்பின் கரும்பலகையில் சாய்ந்து கிடக்கிறது. மூன்று மாதமாக வாயே திறக்காத ஜெயக்கொடி இன்றுதான் முதன்முதலாகச் சாக்பீஸ் பிடித்து நிற்கிறாள். இரண்டு கூறில் பத்து மீன் என்றால் ஐந்து கூறில் எத்தனை? தாம்பரம் மார்க்கெட்டில் கூறு கட்டி மீன் விற்பவளின் மகள், தயங்காமல் இருபத்தாறு என்று எழுதுகிறாள். வகுப்பு சிரிக்கிறது. “இன்னாடி, ஒரு மீனு துள்ளி வந்து வுழுந்துச்சா?” என்கிறது கடைசி பெஞ்சு. அவள் கண் கலங்குகிறது. இப்போது போய் உட்கார்ந்தால் இவள் இனி எழவே மாட்டாள் என்று கங்கையம்மாள் டீச்சருக்குத் தெரிகிறது; அழிக்க எடுத்த டஸ்டரை மேசையில் வைத்துவிடுகிறார். “எப்படிம்மா வந்துச்சு?” “இருவத்தஞ்சுதான் டீச்சர். அஞ்சு கூறு வாங்குறவங்களுக்கு எங்கம்மா மேல ஒண்ணு போடும்.” “பத்து கூறு வாங்கினா?” பாவாடை மடிப்பில் விரல்கள் நகர்கின்றன. “அம்பது. அப்பவும் மேல ஒண்ணுதான்.” சிரிப்பு அடங்குகிறது. “கேட்டீங்களா? கூறு கூடினா மீனும் கூடுது, அது விகிதம். மேல போடற ஒண்ணு அதுல சேராது. அது அவங்கம்மா மனசு.” டீச்சர் இருபத்தைந்தையும் ஒன்றையும் தனித்தனியாக எழுதி, இரண்டுக்கும் சரி போட்டுவிட்டு, சாக்பீஸை வாங்கக் கை நீட்டுகிறார். ஜெயக்கொடி அதைத் தருவதாக இல்லை. “அடுத்த கணக்கு இன்னா டீச்சர்?”