பச்சை எரியும் வரை

பதிவு அலுவலகத்தில் உறுதிமொழி மனசார வந்தால்தான் மெஷினில் பச்சை எரியும். அப்போதுதான் கல்யாணம் செல்லும். எனக்கு எல்லாமே பச்சை. அடுத்து மாப்பிள்ளை தென்னவன் மைக்கைப் பிடித்தான்.

“இசைமொழி வேலைக்குப் போறதைத் தடுக்க மாட்டேன்.”

சிவப்பு.

“சமையல்ல பாதி என்னோடது.”

சிவப்பு.

“வேற ஏதாவது சின்னதா எடுங்க தம்பி,” என்றார் பதிவாளர்.

என்னைப் பெற்ற அப்பாவே எடுத்துக்கொடுத்தார்: “பசிச்சா வாய்விட்டுக் கேப்பேன்னு சொல்லுங்க மாப்ள!”

சொன்னான். பச்சை! கூடம் முழுக்கக் கைதட்டல். என் அம்மாவும் தட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குப் போட வைத்திருந்த மாலையை அந்த மெஷினுக்குப் போட்டேன்.

“இத்தனை பேர்ல எனக்காகப் பேசினது இது ஒண்ணுதான்,” என்றேன் மைக்கில்.

பச்சை எரிந்தது.