மூன்று விரல், ஒரு கை

யோசிக்கக் கொடுத்த பத்து நிமிடம் முடிந்ததென்று மேசைக் கடிகாரம் அலறுகிறது. ஃபாதரும் அக்காவும் திடுக்கிட்டு நிமிர, காது கேளாத தங்கை மட்டும் சன்னல் வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு ஞானஸ்நானம். ஞானோபதேசத் தேர்வின் இந்தக் கடைசிக் கேள்வியில் தேறினால்தான் உண்டு. ஃபாதர் கடிகாரத்தின் தலையில் தட்டி அதன் வாயை அடைக்கிறார். "கடவுளோட சாரம் ஒண்ணு, ஆள் மூணு: பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஆதித் திருச்சபையில கிரேக்கத்துல சாரத்தை ஊஸியா, ஆளை ஹுப்போஸ்டாசிஸ்னு சொன்னாங்க. புரிஞ்சுதான்னு கேளும்மா." "இதுக்கெல்லாம் சைகை கிடையாது ஃபாதர். எனக்கே தலை சுத்துது" என்கிறாள் அக்கா. ஒரு விரலைக் காட்டுகிறாள், பிறகு மூன்று விரல், பிறகு அந்த மூன்றையும் மறு கையால் பொத்துகிறாள். புத்தக பைண்டிங் பசை காய்ந்த விரல்களால் தங்கை அந்தக் கையைப் பிரித்து, உள்ளே எதையோ தொலைத்தவள்போல உற்றுப் பார்க்கிறாள். சட்டென்று அவள் கைகள் பறக்கின்றன. வெயிலில் மிதக்கும் தூசியெல்லாம் கலைகிறது. "என்ன சொல்றா?" என்கிறார் ஃபாதர். "'நான் பேசினா உங்களுக்குக் கேக்குறது அக்கா குரல். அப்ப நாங்க ஒரு ஆளா, ரெண்டு ஆளா?'ன்னு கேக்குறேன்... ஐயோ, நான் இல்ல ஃபாதர், அவ கேக்குறா!"