நகரைப் பிடிக்கும் உத்தி

கேம் சென்டரில் எல்லாருக்கும் அவர் தளபதி. மூன்று மணி நேரமாகத் திரையில் ஒரே ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தைப் பிடிக்க முடியவில்லை. அதை ஆன்லைனில் எங்கிருந்தோ காத்துக்கொண்டிருந்தவர் அவருடைய சகலை. இதிலும் தோற்றால் அந்த மனுஷனின் நக்கலை ஆயுசுக்கும் கேட்க வேண்டும்.

“புகை போட்டுட்டுக் கூரை வழியா இறங்கலாமா?” என்றான் பக்கத்து இருக்கைப் பீரங்கிக்காரன்.

“ரெண்டு தடவை இறங்கினியே, ஒருத்தனாவது மிஞ்சினானா?”

“அப்ப நீங்களே சுவரை உடைச்சுட்டுப் போங்க.”

“எதிரியைத் தேடி உள்ளே போகக் கூடாது தம்பி. அவனை வெளியே வரவைக்கணும்.”

தளபதி செல்போனை எடுத்துச் சகலையின் மனைவியை அழைத்தார்.

“அக்கா, அண்ணன் மீட்டிங்னு சொன்னாரா? சுத்தப் பொய். கம்ப்யூட்டர்ல சண்டை விளையாடிக்கிட்டிருக்காரு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஐந்தே நிமிடத்தில் எதிரியின் துப்பாக்கிகள் ஊமையாயின. படை உள்ளே புகுந்து மொட்டைமாடியில் கொடி ஏற்றியது. பீரங்கிக்காரன் எழுந்து நின்று கும்பிட்டான்.

போன் அடித்தது. அக்காதான்.

“ரொம்ப நன்றி தம்பி, ஆளைப் பிடிச்சாச்சு. ஒண்ணுதான் புரியல. நீங்க பல்லைப் பிடுங்கிட்டு வாயைத் திறக்க முடியாம ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு என் தங்கச்சி சொன்னாளே? இதோ, பக்கத்துலதான் நிக்கிறா. குடுக்கவா?”