நூற்றுப் பதினெட்டு

164.

அவள் நம்பவில்லை.

மதியம் சாப்பிட்டது ஒரு கிண்ணம் சாமைச் சோறு, கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குப் போய் மிஷின் இவ்வளவு சர்க்கரை காட்டுமா?

ஏழாம் மாதம். நூற்றிருபதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசியை ஆரம்பித்தால் பிறகு நிறுத்தவே முடியாது என்று எதிர்வீட்டு எஸ்தர் சொன்னாள்.

மிஷினில் புது ஸ்ட்ரிப்பைச் செருகி, வேறு விரலில் குத்தினாள்.

157.

ஒரே ஆள், ஒரே ரத்தம். இரண்டு நிமிஷத்தில் ஏழு எங்கே போனது?

ஸ்ட்ரிப் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். காலாவதியாக இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்தத் தேதியையும் அவள் நம்பவில்லை.

கணவன் ஜெபராஜின் விரலைப் பிடித்து இழுத்துக் குத்தினாள்.

97.

"எனக்குச் சரியாத்தான காட்டுது?"

"உங்களுக்கு மட்டும் எப்படிச் சரியாக் காட்டும்?"

அவன் விரலைச் சப்பிக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான்.

அவள் கையைக் கழுவினாள். துடைக்காமலே குத்தினாள். ஈர விரலில் ரத்தம் பரவி வெளிறியது.

118.

இப்போது மிஷின்மேல் சந்தேகம் வரவில்லை. அதை மட்டும் நோட்டில் எழுதினாள்.

அடுத்த மூன்று வாரமும் ஈரக் கைதான்.

ஸ்கேனில் பிள்ளை மாதக் கணக்கைவிடப் பெரிதாக இருந்தது. நர்ஸ் கோமதி நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மிஷினைக் கேட்டு வாங்கினாள். அவள் விரலைத் துடைத்து, காயும்வரை பிடித்துக்கொண்டிருந்து, குத்தினாள். அதே கையோடு லேபுக்கும் ரத்தம் எடுத்தாள்.

மிஷின் 171 காட்டியது. லேபிலிருந்து வந்தது 166.

"அஞ்சு பத்து முன்னப்பின்ன இருக்கும்மா. மத்தபடி நல்ல மிஷின்தான்."

நர்ஸ் நோட்டை மூடி அவளிடமே கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு.

டாக்டர் சீட்டில் எழுதியதை நர்ஸ் படித்துவிட்டு, பேனா மாதிரி இருந்த இன்சுலின் ஊசியை எடுத்து மூடியைக் கழற்றினாள். வயிற்றைக் காட்டச் சொன்னாள்.

அவள் புடவையை மெல்ல விலக்கினாள்.

"பிள்ளைக்கு வலிக்காதுல்ல?"