துளை போட்ட உறை

சூடு காட்டினால் சுருங்கிச் சோப்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை. அதில் பொடித்துளைகள் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். உள்ளே சிக்கும் காற்று வெளியே போகும். என் காபி கொய்யா சோப்பின் வாசனையும் கூடவே போய் ஆளைப் பிடித்து இழுத்துவரும்.

"ஓட்டை உறைக்கு இவ்ளோ பீத்தலா, ஓல்மன்?" என்றாள் என் மனைவி ஸீனியா.

கார்த்தாகோ நகரச் சந்தையில் கடை போட்டோம். யாரும் வாங்கவில்லை. ஒரு பெண் மட்டும் தினமும் வந்தாள். சோப்பை மூக்கோடு ஒட்டி நீளமாக மூச்சிழுப்பாள், வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"பாத்தியா? நம்ம வாசனைக்கு ஒருத்தி அடிமையாயிட்டா!"

"அந்த அடிமை ஒண்ணுகூட வாங்கலையே!"

நேற்று முகர்ந்ததும் அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். எனக்கு நெஞ்சு விம்மியது. சோப்பால் ஆளை அழவைத்தவன் இந்த நாட்டில் வேறு யார்?

"அம்மா, அவ்ளோ பிடிச்சிருக்கா?" என்று குழைந்தேன்.

"காய்ச்சல் வந்ததுல எனக்கு வாசனையே தெரியாமப் போச்சுய்யா. பல மாசமா பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். உங்க உறையில துளை இருக்கறதால, பிரிக்காமலே தினம் மோந்து பாத்துப்பேன். இன்னிக்குத் திரும்பி வந்துருச்சு!"

"முதல்ல வந்ததே என் சோப்பு வாசனையா!"

"ஆமாய்யா! அழுகின பழத்தைத் தீய்ச்ச மாதிரி, அப்படிக் குமட்டுது! கடவுளே, என்ன சந்தோஷம்!"

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸீனியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை.