ஞாயிற்றுக்கிழமைக் கோபம்

சபைச் செயலாளர் தனசிங், புதிதாக வந்திருந்த போதகரோடு எப்சிபாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவளை ஏச ஆரம்பித்துவிட்டார்.

“மூணு மாசமா சர்ச்சுப் பக்கம் ஆளையே காணோம். நீயெல்லாம் விசுவாசின்னு சொல்லிக்கிட்டுத் திரியுத.”

“பிள்ளையளைத் தவறாம அனுப்புதேன், அண்ணாச்சி.”

“நியாயத்தீர்ப்பு அன்னைக்கும் பிள்ளையளைத்தான் அனுப்புவியா? ஆண்டவரோட நாள்லகூட உனக்குத் துட்டுதான் பெருசாப் போச்சு.”

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். போதகருக்குச் சங்கடமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை எங்கம்மா போறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தீப்பெட்டி ஆபீசுக்கு, ஐயா. லோடு ஏத்தணும்னு ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லுதாவ. வரலைன்னா திங்கக்கிழமை கேட்டுக்குள்ள விட மாட்டாவ.”

“நேரமாச்சு, ஐயா. ஜெபம் பண்ணிருங்க, அடுத்த வீட்டுக்குப் போவோம்” என்றார் தனசிங்.

போதகர் எழுந்திருக்கவில்லை. “முதலாளி வேற மதத்துக்காரரா இருப்பார். அவருக்கு நம்ம ஆராதனை தெரியாது. நான் வேணும்னா ஆபீசுக்கே வந்து பேசிப் பார்க்கட்டுமா?”

எப்சிபா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“அம்புட்டுத் தூரம் எதுக்கு, ஐயா? இங்கனயே பேசுங்க. முதலாளி அண்ணாச்சிதான் இம்புட்டு நேரமா என்னைய ஏசிக்கிட்டு நிக்காவ.”