விடுதி வழக்கம்

காஜா பெராங் பகுதியில் சிதம்பரநாதன் வீட்டுக் கூடத்தில் பந்தி நடக்கிறது. சென்னையில் ஒரே கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து மலாயாவுக்கு வந்தவர்கள் ஆண்டுதோறும் கூடி உண்ணும் விருந்து. ஜப்பான்காரன் ஆட்சியிலும் அது நிற்கவில்லை. சிதம்பரநாதன்தான் இல்லை. வீட்டில் ரேடியோ ஒளித்துவைத்திருப்பதாகத் துப்புக் கிடைத்து, ஜப்பானிய ராணுவப் போலீஸ் அடித்தே கொன்றுவிட்டது. துப்புக் கொடுத்தவன் இவர்களில் ஒருவனான மருதப்பன்; அதற்குப் பரிசாகக் கிடைத்த மூட்டையிலிருந்து விருந்துக்கு அரிசி கொண்டுவந்திருக்கிறான். அந்தச் சோறு அவன் இலையில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆவி பறக்கிறது. மற்ற இலைகளில் மரவள்ளிக்கிழங்கு. அவர்கள் தின்று முடித்து, காய்ந்த கையோடு அவனையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் பந்தியை விட்டு எழக்கூடாது என்பது பழைய விடுதி வழக்கம். சன்னல் வெயில் அவன் நெற்றி வியர்வையில் மின்னுகிறது. அவன் மென்று விழுங்கும் சத்தம் கூடமெங்கும் கேட்கிறது. இலையை மூடக் கை வைக்கிறான். சிதம்பரநாதனின் மனைவி நாகம்மை குனிந்து இன்னொரு கரண்டிச் சோற்றைச் சரிக்கிறாள்.

“போதும் ஆச்சி, முடியல.”

“எங்க அவுகளக் குடுத்து வாங்குன அரிசிண்ணே,” என்கிறாள் அவள், மிக மெதுவாக. “மிச்சம் வைக்கக் கூடாது.”